விற்காத தலகாணிக்கு ரசீது

பொதுமக்கள் அனைவருக்கும் இதனால் தெரிவித்துக்கொள்வது என்னன்னா, இந்த ஊர்ல ஒரு மனுஷன் பட்டப்பகல்ல தூங்கியே குடும்பத்தைக் காப்பாத்தினாரு.

தூங்கிக் கெட்டவங்க நிறைய பேரை நமக்குத் தெரியும். தூங்கிப் பிழைச்சவரு இவரு ஒருத்தருதான். தலகாணிக் கடை வச்சிருந்தாரு. கடைக்குப் போர்டு கிடையாது. நோட்டீஸ், மைக் செட்டு, ஆஃபர், ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம், எதுவும் கிடையாது. ரோட்டைப் பாத்த மாதிரி ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு கட்டில். மதியச் சாப்பாடு முடிஞ்சதும் தலகாணிக்காரர் அதுல ஏறிப் படுப்பாரு. தலைக்குக் கீழ அவரே பஞ்சு அடிச்சு, அவரே தைச்ச தலகாணி. தலை பட்டுதோ இல்லையோ, குறட்டை. கண்ணாடியே லேசா அதிரும். ரோட்டுல போறவன் நிப்பான், பாப்பான், வாய் பிளந்து ஒரு கொட்டாவி விடுவான், தானா உள்ள வந்துடுவான்.

"அவரு தலைக்கு வச்சிருக்காரே, அந்தத் தலகாணி இருக்குங்களா?"ன்னு கல்லாவுல உக்காந்திருக்கிற அவரு சம்சாரத்துகிட்ட கேப்பான்.

"அதேதான் எல்லாம். அமுக்கிப் பாருங்க. தலகாணியை அமுக்குங்க, அவரை அமுக்காதீங்க. முழிச்சுக்கிட்டா நம்ம வியாபாரம் படுத்துக்கும்."

இப்படி அவரு படுத்தா கடை நிமிரும், அவரு எழுந்தா கடை படுக்கும். ஊர்ல எல்லா ஆம்பளைங்களுக்கும் வீட்ல "எந்நேரமும் தூக்கம்தானா?"ன்னு திட்டு விழும். இவருக்கு மட்டும், "ஏங்க, மணி ஒண்ணாச்சு, இன்னும் முழிச்சிட்டிருக்கீங்களே, வீட்ல செலவு இருக்குல்ல?"ன்னு விழும்.

இதுல எங்கிருந்து வரி வந்துச்சுன்னு கேட்டா, மச்சான் வழியாத்தான் வந்துச்சு. எல்லா வீட்டுலயும் அப்படித்தானே வரும்.

மச்சான்னா சம்சாரத்தோட அண்ணன். பக்கத்துலயே மெத்தைக் கடை. ஒரு காலத்துல மெத்தை மாதிரியே கொழுகொழுன்னு இருந்தவரு. இப்ப கண்ணு ரெண்டும் உள்ள போயி, அதுக்குக் கீழ ரெண்டு பை தொங்கும். காரணம், அவரு கோட்டைத் தாண்டிட்டாரு.

கோடுன்னா இதுதான். வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்குக் கீழ வித்தா நீ சின்ன வியாபாரி. உன்னை யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. பத்து லட்சத்துக்கு மேல ஒத்தக் காசு வித்தாலும் நீ பெரிய மனுஷன். பெரிய மனுஷனுக்கு நம்பர் குடுப்பாங்க. நம்பர் வாங்கினவன் மதிப்புக் கூட்டு வரியில பதிவாயிட்டான்னு அர்த்தம்.

"அது ஒண்ணும் இல்ல மாப்ளே," மச்சான் ஒரு நாள் விளக்கினாரு. "நீ பஞ்சு வாங்குறப்ப பஞ்சுக்காரனுக்கு வரியும் சேத்துக் குடுக்கிற. தலகாணி விக்கிறப்ப வாங்குறவன்கிட்ட வரியும் சேத்து வாங்குற. வாங்கின வரியில குடுத்த வரியைக் கழிச்சுட்டு, மிச்சத்தை ஆபீஸ்ல கட்டிடற. பஞ்சு தலகாணி ஆனதுல எவ்வளவு மதிப்புக் கூடுச்சோ, அதுக்கு மட்டும்தான் வரி."

"கேக்க நல்லாத்தான் இருக்கு."

"கேக்க நல்லாத்தான் இருக்கும்."

"அப்ப அந்த வரி என் காசும் இல்ல, உன் காசும் இல்ல. கடைசியா தலகாணியில தலை வைக்கிறான் பாரு, அவன் காசு."

"அதேதான். நாம நடுவுல சும்மா கை மாத்தி விடறோம்."

"அப்புறம் ஏன் மச்சான் உனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது?"

மச்சான் அக்கம்பக்கம் பாத்துட்டுக் குரலைத் தாழ்த்தினாரு. "நான் குடுத்த வரியைப் பஞ்சுக்காரன் ஆபீஸ்ல கட்டல."

"அது அவன் தப்பு."

"அவன் தப்புதான். ஆனா அவன் கட்டாததுனால நான் குடுத்தது குடுக்காததா ஆயிடுச்சாம். அதனால மறுபடியும் கட்டினேன். லேட்டா கட்டினதுக்கு வட்டி. வட்டியை லேட்டா கட்டினதுக்கு அபராதம்."

"பஞ்சுக்காரன் என்ன ஆனான்?"

"அவனுக்கென்ன, நல்லாத் தூங்குறான்."

அன்னைக்கு முடிவு பண்ணினாரு தலகாணிக்காரர். சொத்து போகட்டும், சுகம் போகட்டும், தூக்கம் மட்டும் போகக் கூடாது. மத்தவனுக்குத் தூக்கம் போனா கண்ணுதான் எரியும். இவருக்குத் தூக்கம் போனா அடுப்பே எரியாது. ஆகவே என்ன வந்தாலும் கோட்டைத் தாண்டறதில்லை.

ஆனா பாருங்க, அந்த வருஷம் வெயில் கொஞ்சம் குறைவு. மனுஷன் அருமையாத் தூங்கிட்டாரு. வருஷம் முடிய இன்னும் ஒரு மாசம் இருக்கிறப்பவே சம்சாரம் கூட்டிப் பாத்துட்டு நெஞ்சுல கை வச்சாங்க.

"ஏங்க, இன்னும் ரெண்டு தலகாணி வித்தா தாண்டிடுவோம்."

"கடையை மூடிடலாமா?"

"மூடாத மாப்ளே," மச்சான் பதறினாரு. "வருஷக் கடைசியில மூடின கடையைத்தான் முதல்ல வந்து தட்டுவாங்க. எதை ஒளிக்கிறன்னு கேப்பாங்க. தொறந்து வை. விளக்கு போடு. விக்காத."

இது நல்ல யோசனையாப் பட்டுச்சு. இந்த உலகத்துல நல்ல யோசனையாப் பட்டதுல பாதி மச்சான்மாருங்க சொன்னது. கெட்டுப் போனதுலயும் பாதி அதுதான்.

மறுநாள் மதியம் முதல் ஆளா ஒரு லோடுமேன் வந்தாரு. மார்க்கெட்டுல மூட்டை தூக்கறவரு. பத்து வருஷமா சுமந்து சுமந்து கழுத்து ஒரு பக்கமா சாஞ்சே போயிருந்துச்சு. உலகத்தையே சாய்ச்சுத்தான் பாப்பாரு.

"முதலாளி, ஒரு தலகாணி குடுங்க. கழுத்து வலி உயிர் போகுது."

"இல்லப்பா."

லோடுமேன் கடையைச் சுத்திப் பாத்தாரு. தரையிலிருந்து கூரை வரைக்கும் தலகாணி. "இது எல்லாம்?"

"தலகாணி."

"அதுல ஒண்ணு குடுங்க."

"குடுக்க முடியாது."

"பின்ன எதுக்கு அடுக்கி வச்சிருக்கீங்க?"

"பாக்கறதுக்கு."

"பாத்தா கழுத்து வலி போகுமா?"

"கிட்ட வந்து பாருப்பா, கொஞ்சம் போகும்."

தலகாணிக்காரருக்கு வெக்கமாப் போச்சு. முகத்தைப் பாத்து இல்லைன்னு சொல்ல வாய் வரல. அதனால முகத்தை விட்டுட்டு, கழுத்தைப் பாத்துச் சொன்னாரு. இந்த ஒரு பழக்கம்தான் பின்னாடி எல்லாத்தையும் கவுத்துச்சு. வந்தவங்க எல்லாருக்கும் கழுத்தை ஒரு பார்வை பாத்துட்டு, பெருமூச்சு விட்டுட்டு, "இல்லைங்க"ன்னு சொல்லி அனுப்பினாரு. போனவங்க சும்மா போகல.

"அவரு கழுத்தைப் பாத்துத்தான் குடுப்பாராம்."

"நம்ம கழுத்துக்கு இல்லைன்னுட்டாரே!"

"பெரிய பெரிய ஆளுங்களையே திருப்பி அனுப்பிட்டாராம்."

ஒரு பொருளை வாங்குன்னா நமக்கு ஆயிரம் சந்தேகம் வரும். உனக்கு இல்லைன்னா உடனே அது நல்ல பொருள். வாரம் திரும்பறதுக்குள்ள கடை வாசல்ல கூட்டம். கையில செல்லை வச்சுக்கிட்டு, தன்னைத் தானே படம் எடுத்துக்கிட்டே ஒருத்தன் உள்ள வந்தான். இல்லைன்னு சொன்னதும் துள்ளிக் குதிச்சான். "மக்களே, எனக்கும் இல்லைன்னுட்டாரு!" மூணு மாடி வீட்டுல குடியிருக்கிற மாடிவீட்டம்மா கார்ல வந்து இறங்கினாங்க.

"எனக்குமா இல்ல?"

"இல்லைங்கம்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க." சங்கிலியைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினாங்க.

தலகாணிக்காரர் பாத்தாரு. பெருமூச்சு விட்டாரு. "இல்லைங்கம்மா."

அந்தம்மா கோபமாத்தான் போனாங்க. ஆனா சாயங்காலம் தெருவுல எல்லாருகிட்டயும், "என்னை ரெண்டு தடவை பாத்துட்டு இல்லைன்னாரு. உங்களை எத்தனை தடவை பாத்தாரு?"ன்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. ஊர்ல இப்ப ரெண்டே வகை ஜனம். தலகாணிக்காரர்கிட்ட இல்லைன்னு வாங்கினவங்க, இன்னும் வாங்காதவங்க.

இத்தனை கூட்டத்துக்கு நடுவுலயும் அவரு மதியம் நிம்மதியாத் தூங்கினாரு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் தூக்கம்னா அது தனி ருசி.

கூட்டம் இருக்கிற இடத்துக்கு ரெண்டு பேரு வந்தே தீருவாங்க. ஒண்ணு பிக்பாக்கெட். இன்னொண்ணு வரி அலுவலர். முதல்ல வந்தது ரெண்டாமவரு. மதிப்புக் கூட்டு வரி மண்டலத் துணைக் கூடுதல் இணை அலுவலர்னு பேரு. சொல்லி முடிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்கும்கிறதால எல்லாரும் துணைக்கூடுதல்னு கூப்பிடுவாங்க. கெட்டவரு இல்ல. சிரிக்கத் தெரிஞ்சவருதான், விதிமுறையில எங்க சிரிக்கணும்னு போடாததுனால சிரிக்கிறதில்லை.

"இவ்வளவு பேருக்கு என்ன விற்றீர்கள்?"

"ஒண்ணுமே விக்கலைங்க. சத்தியமா." தலகாணிக்காரர் இதைச் சொல்றப்ப பெருமையாவே சொன்னாரு. "வேணும்னா எண்ணிக்கோங்க, ஒரு தலகாணி வெளிய போகல."

"விற்காமல் இருந்தது தானாக நடந்ததா, நீங்கள் செய்ததா?"

"நான்தாங்க செஞ்சேன். தானா எப்படி நடக்கும்? விட்டா அடிச்சுப் பிடிச்சு வாங்கிட்டுப் போயிடுவாங்க."

"அப்படியானால் முயற்சி எடுத்துச் செய்திருக்கிறீர்கள்."

"சொல்லவே வேணாம் சார். தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு."

சம்சாரம் கல்லாவுல இருந்து கண்ணைக் காட்டினாங்க. மச்சான் பின்னாடி நின்னு இருமினாரு. தலகாணிக்காரர் கவனிக்கல. தன்னோட உழைப்பைக் கேக்க ஒரு அரசாங்க ஆளே வந்துட்டாரேங்கிற உருக்கம்.

துணைக்கூடுதல் பையில இருந்து தடிப் புத்தகத்தை எடுத்தாரு. "ஒருவருக்காக ஒரு செயலைச் செய்வது சேவை. ஒருவருக்காக ஒரு செயலைச் செய்யாமல் இருப்பதும் சேவையே. நீங்கள் இத்தனை பேருக்கும் விற்காமை என்னும் சேவையை வழங்கியிருக்கிறீர்கள்."

"சார், அதுக்கு நான் ஒத்தக் காசு வாங்கலையே!"

"வாங்காவிட்டாலும் மதிப்பு உண்டு. மதிப்பை நாங்கள் கருதிக்கொள்வோம். ஒரு தலகாணி என்ன விலை?"

"ஐநூறு."

"ஆகவே ஒரு தலகாணியை விற்காமையின் விலையும் ஐநூறு."

"அது எப்படிங்க? வித்தாலும் ஐநூறு, விக்காட்டியும் ஐநூறா?"

"விற்றிருந்தால் பஞ்சு, துணி, நூல் எல்லாம் போயிருக்கும். விற்காததில் அந்தச் செலவும் இல்லை. அதனால் மதிப்புக் கூடுதலாகவே கூடியிருக்கிறது. சலுகையாகத்தான் ஐநூறு என்று வைக்கிறேன்."

மச்சான் முன்னாடி வந்தாரு. "ஒரு சின்ன விண்ணப்பங்க. இவரு வருஷம் பூரா வித்தது பத்து லட்சத்துக்குள்ள."

"ஆம். விற்காததையும் சேர்த்தால் பதினொன்றரை லட்சம். கோட்டைத் தாண்டிவிட்டார். வாழ்த்துகள்."

அவ்வளவுதான் விஷயம். ரெண்டே ரெண்டு தலகாணி வித்துத் தாண்டியிருந்தாக்கூட, கூட்டம் சேராம இருந்திருந்தா, ஒரு ஆளும் திரும்பிப் பாத்திருக்க மாட்டான். தாண்டக் கூடாதுன்னு பின்னால நடந்து நடந்து, முதுகு வழியாத் தாண்டிட்டாரு மனுஷன்.

பதிவுச் சான்றிதழ் வந்துச்சு. மரச்சட்டம் போட்டு கல்லாவுக்கு மேல மாட்டணும்னு உத்தரவு. தொழில்னு போட்டிருக்கிற இடத்துல 'விற்காமை'ன்னு அச்சடிச்சிருந்தாங்க.

அன்னைக்கு மதியம் தலகாணிக்காரர் கட்டில்ல ஏறிப் படுத்தாரு. தலகாணி அதே தலகாணி. கண்ணு மூடுச்சு. உடனே தொறந்துக்குச்சு. வாங்கின வரி, குடுத்த வரி, கழிச்ச வரி, கருதின மதிப்பு. இந்தப் பக்கம் திரும்பினாரு, வட்டி. அந்தப் பக்கம் திரும்பினாரு, அபராதம். கண்ணாடிக்கு வெளிய நின்ன ஜனம் கிசுகிசுத்துச்சு.

"முழிச்சிருக்காருடா!"

"பாவம், யாரு கழுத்தை நினைச்சுக் கவலைப்படறாரோ."

சரி, வரியைக் கட்டணும். பத்து சதவீதம். ஒரு விற்காமைக்கு அம்பது. இந்தக் காசு இவரு காசு இல்லையே, கடைசியா அனுபவிக்கிறவன்தானே குடுக்கணும்? அப்ப யாரு யாருக்கெல்லாம் விக்கலையோ, அவங்ககிட்டதானே வாங்கணும்?

"அடிப்பாங்க மச்சான்," தலகாணிக்காரர் சொன்னாரு. "தலகாணியும் குடுக்காம, குடுக்காததுக்கு அம்பது குடுன்னா, செருப்பைக் கழட்டுவாங்க."

"ரசீது போட்டுக் குடு மாப்ளே. ரசீது இருந்தா அடிக்க மாட்டாங்க."

சம்சாரம் வாசல்ல கிடக்கிற செருப்பை ஒரு பார்வை பாத்துக்கிட்டே முதல் ரசீதை மாடிவீட்டம்மாவுக்குப் போட்டாங்க. 'தலகாணி ஒன்று விற்காமைக்கு, வரி ஐம்பது.' அந்தம்மா வாங்கிப் படிச்சாங்க. ஒரு தடவை, ரெண்டு தடவை. கண்ணு கலங்கிடுச்சு.

"இதை எழுத்துல குடுப்பீங்கன்னு நான் எதிர்பாக்கவே இல்ல." அம்பதை வச்சுட்டு, கண்ணாடி போட்டு மாட்ட எடுத்துட்டுப் போனாங்க.

அடுத்து வந்தவரு பல் டாக்டர். பதிவு பண்ணின நம்பர் உள்ளவரு. ரசீதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இந்த அம்பதை நான் கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம்ல?"

"கழிச்சுக்கலாம்," மச்சான் சொன்னாரு.

"அப்ப எனக்கு நஷ்டமே இல்ல. இன்னும் நாலு தலகாணி விக்காதீங்க."

டாக்டர் யோசிச்சுக்கிட்டே போனாரு. படிச்சவரு இல்லையா. சாயங்காலமே அவரு கிளினிக்குல பல்லைப் பிடுங்காமைக்கு ரசீது போட ஆரம்பிச்சாச்சு. வாயைத் தொறக்கச் சொல்றது, பாக்கறது, "பிடுங்கப் போறதில்லை"ங்கிறது, ரசீது. பல்லைப் பிடுங்கினதுக்கு அழுதுட்டுப் போன ஜனம், பிடுங்காததுக்குச் சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டுப் போச்சு.

அதுக்கு அப்புறம் தெருவையே பிடிக்க முடியல. செருப்புக் கடைக்காரர் விக்காத செருப்புக்கு ஜோடியா ரசீது போட்டாரு. ஒத்தைக் காலுக்குத் தனியா போட முடியாதுன்னு கறார். சலூன்காரர் சேர்ல உக்கார வச்சு, துணி போத்தி, கத்திரியைக் காதுகிட்ட சும்மா ஆட்டிட்டு, துணியை உதறி, "முடி வெட்டாமை, தாடி தனி"ன்னு ரசீது கிழிச்சாரு. முடி நீளமா இருக்கிறவன் பெரிய இடத்துப் பையன்னு பேராச்சு. பூட்டுக் கடைக்காரர் மட்டும் பழைய ஆளு. "பூட்டு வேணுமா, இந்தா"ன்னு எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தாரு. "இன்னுமா பொருளை விக்கிறாரு? காலம் மாறினது தெரியல"ன்னு ஜனம் அவரு கடைப் பக்கமே போகல. ஒரே வாரத்துல அவரும் மாறிட்டாரு.

செருப்புக் கடை சலூனுக்கு விக்கல, சலூன் மெத்தைக் கடைக்கு வெட்டல, மெத்தைக் கடை டாக்டருக்கு விக்கல, டாக்டர் செருப்புக் கடைக்குப் பிடுங்கல. எல்லாரும் எல்லாருகிட்டயும் ரசீது வாங்கிக் கழிச்சுக்கிட்டாங்க. தெரு அமைதியா இருந்துச்சு. லாரி வரல. புகை இல்ல. துணைக்கூடுதலுக்கு மேலிடத்துலிருந்து பாராட்டுக் கடிதம் வந்துச்சு. 'பொருள் எதுவும் அசையாமலேயே வணிகத்தை அசைத்துக் காட்டியமைக்கு.'

எல்லாருக்கும் சந்தோஷம். ரெண்டே ரெண்டு பேருக்கு மட்டும் இல்ல. ஒருத்தர் தலகாணிக்காரர். இப்பல்லாம் மதியம் கண்ணை மூடிக்கிட்டு வாயால குறட்டை விட்டுப் பாத்தாரு. சம்சாரம் வந்து காதுல சொன்னாங்க.

"ஏங்க, ஒரே மாதிரி விடறீங்க. நிஜக் குறட்டை ஏறி இறங்கும்."

"ஏத்தித்தான் விடறேன்."

"இறக்க மறந்துடறீங்க. விடுங்க, எழுந்திரிங்க. கண்ணு இட்லியாட்டம், அட, எங்க அண்ணன் கண்ணாட்டம் ஆயிடுச்சு."

இன்னொருத்தர் லோடுமேன். பொருள் அசையலைன்னா மூட்டை எங்க இருக்கும்? மூட்டை இல்லைன்னா கூலி எங்க இருக்கும்? ஆனாலும் தினம் வந்து கேப்பாரு. அவரு கழுத்து வலிக்கு ஃபேஷன் தெரியாது.

"முதலாளி, இன்னைக்காவது?"

"எப்படிப்பா குடுப்பேன்? நான் விற்காமைக்குத்தான் பதிவு பண்ணியிருக்கேன். வித்தேன்னா பதிவு இல்லாத தொழில் பண்ணினதா ஆயிடும்." கழுத்தைப் பாத்தாரு. நிஜமாவே பாத்தாரு. "அம்பது இருக்கா?"

"நான் எங்கங்க போயிக் கழிச்சுக்கறது?"

"நீ கழிக்க முடியாது. நீதான் கடைசி ஆளு. இந்த வரி சுத்திச் சுத்தி வந்து உங்கிட்டதான் நிக்கணும். அதான் சட்டம்."

"எல்லாரும் சேந்து விக்காத பொருளுக்கு நான் ஒருத்தன் வரி கட்டறேன்?"

"அப்படிச் சொல்லாதப்பா. நாட்டுக்குக் கட்டற."

"என்னவோ போங்க. சும்மா தூக்கிப் பழகின கழுத்து. இதையும் தூக்கட்டும்." அம்பதை வச்சுட்டு ரசீதை மடிச்சு வாங்கிக்கிட்டாரு.

இப்படி இருக்கிறப்ப ஒரு நாள் துணைக்கூடுதல் வந்தாரு. பை இல்ல, புத்தகம் இல்ல. கழுத்துல வலிக்குப் போட்ட பட்டை. பாராட்டு வந்ததுலிருந்து அவருக்கு வேலை ஜாஸ்தி. ஒரு விற்பனைக்கு ஒரு ரசீதுதான். ஆனா விற்காமைக்கு அளவு ஏது? மலை மாதிரி கணக்கு. மேஜையிலயே தலையைச் சாய்ச்சு சாய்ச்சு கழுத்து பிடிச்சுக்கிச்சு.

"நான் அலுவலரா வரல," முதல் தடவையா அவரு வாயில பேச்சுத் தமிழ் வந்துச்சு. "அண்ணே, ஒரு தலகாணி குடுங்கண்ணே. தூங்கி எத்தனை நாளாச்சுன்னே தெரியல."

தலகாணிக்காரருக்கு மனசு கரைஞ்சுடுச்சு. அலமாரியில கை வச்சாரு. எடுத்தும் விட்டாரு. அப்பதான் சுவத்துல மாட்டின சான்றிதழ் கண்ணுல பட்டுச்சு.

"சார், இதை உங்களுக்கு வித்தா எனக்கு என்ன ஆகும்?"

துணைக்கூடுதல் தலையைத் தொங்கப் போட்டாரு. "பதிவுக்கு மாறாக விற்பனை. அபராதம்."

"சும்மா குடுத்தா?"

"இலவசமும் விற்பனையாகக் கருதப்படும். அபராதம்."

"விற்பனைக்கும் சேத்துப் பதிவு பண்ணச் சொல்லி எழுதிக் குடுக்கவா?"

"எழுதலாம். அதை ஒரு அதிகாரி பாத்துக் கையெழுத்துப் போடணும்."

"எந்த அதிகாரி?"

"நான்தான்."

"அப்ப போடுங்களேன் சார்!"

"எப்படிப் போடறது? உங்ககிட்ட தலகாணி வாங்க ஆசைப்படற அதிகாரி உங்க விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டா அது முறைகேடு. ஆசைப்படாத அதிகாரியைத்தான் போடச் சொல்லணும். அவங்க எல்லாருமே தூங்காமதான் இருக்காங்க."

அப்புறம் சம்சாரம் ரசீதுப் புத்தகத்தை இழுத்து, வழக்கமான குரல்ல கேட்டாங்க. "என்ன பேருக்குப் போடட்டும் சார்? நம்பர் இருக்கா, கழிச்சுக்குவீங்களா?"

"சம்பளக்காரனுக்கு ஏதும்மா நம்பர்?" துணைக்கூடுதல் அம்பதை எடுத்து வச்சாரு. அவரும் கடைசி ஆளுதான்னு அன்னைக்குத்தான் அவருக்கே தெரிஞ்சுச்சு.

ரசீதை வாங்கிட்டு வெளிய வந்தவரு வாசல்லயே நின்னுட்டாரு. குறட்டைச் சத்தம்! கடைக் கண்ணாடி அதிருது. உள்ள திரும்பிப் பாத்தாரு. தலகாணிக்காரர் முழிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அவரும் சத்தம் கேட்டு வெளிய ஓடி வந்தாரு. பின்னாடியே சம்சாரம், மச்சான், தெரு ஜனம்.

கண்ணாடிக்கு வெளிய, நடைபாதையில, லோடுமேன் மல்லாக்கப் படுத்துத் தூங்கிக்கிட்டிருந்தாரு. ஏறி இறங்கற நிஜக் குறட்டை. பத்து வருஷமா சாஞ்சிருந்த கழுத்து நேரா இருந்துச்சு. தலைக்குக் கீழ பழைய சாக்குல தைச்ச ஒரு தலகாணி. ஓரம் கொஞ்சம் பிரிஞ்சிருந்துச்சு. உள்ளேருந்து காகிதம் எட்டிப் பாத்துச்சு. 'தலகாணி ஒன்று விற்காமைக்கு.' 'செருப்பு ஒரு ஜோடி விற்காமைக்கு.' 'பல் பிடுங்காமைக்கு.'

ஒவ்வொரு ரசீதும் மூணு காப்பி போடணும்னு விதி. தெருவெல்லாம் காத்துல பறந்துக்கிட்டிருந்ததைப் பொறுக்கி, கையால கசக்கி, மெத்துன்னு ஆக்கி அடைச்சிருக்காரு. மூட்டை இல்லாத லோடுமேனுக்குப் பொழுது போகணும்ல.

துணைக்கூடுதல் தட்டி எழுப்பினாரு. "இது எங்கப்பா வாங்கின?"

"எங்கயும் வாங்கலைங்க," லோடுமேன் கண்ணைக் கசக்கினாரு. "எங்கயும் வாங்க முடியாமப் போனதுல சேந்துச்சு."

துணைக்கூடுதல் அமுக்கிப் பாத்தாரு. தன்னையறியாம கொட்டாவி விட்டாரு. அப்புறம் சட்டுனு நிமிந்து, கழுத்துப் பட்டையைச் சரி பண்ணிக்கிட்டு, பழைய குரலுக்கு வந்தாரு. "காகிதமாக வந்ததைத் தலகாணியாக மாற்றியிருக்கிறீர்கள். மதிப்புக் கூடியிருக்கிறது. இப்போது பரவாயில்லை. ஆனால் வருஷத்துக்குப் பத்து லட்சம் என்று ஒரு கோடு இருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்." அதைச் சொல்லிட்டு, குனிஞ்சு, மெதுவா, "எனக்கு ஒண்ணு குடுங்க"ன்னாரு.

லோடுமேன் குடுத்தாரு. பின்னாடி நின்ன டாக்டரு, "எனக்கு ரெண்டு"ன்னாரு. மாடிவீட்டம்மா கண்ணாடி போட்டு மாட்டினதைக் கழட்டி எடுத்துட்டு ஓடி வந்தாங்க. "என் ரசீதையும் உள்ள வச்சுத் தைச்சுடுங்க. என் தலைக்கு நேராப் படணும்."

ஊரு தூங்குச்சு. ஆபீஸும் தூங்குச்சு, இப்ப நிம்மதியாவே. ரசீது அடிக்க அடிக்கத் தலகாணிக்குச் சரக்கு, தலகாணி பெருகப் பெருக ஜனத்துக்குத் தூக்கம். வரி கட்டினா சுகமாத் தூங்கலாம்னு ஆபீஸ் சுவத்துல எழுதி வச்சது முதல் தடவையா உண்மையாச்சு. மச்சான்கூட ஒண்ணு வாங்கிட்டாரு. கண்ணுக்குக் கீழ தொங்கின பை ரெண்டும் கரைஞ்சுடுச்சு.

தலகாணிக்காரர் மட்டும் ரொம்ப நாள் வீம்பா இருந்தாரு. பஞ்சுத் தலகாணி தைச்ச கை, போயிக் காகிதத் தலகாணி கேக்கறதா? கடை நிறையத் தலகாணி அடுக்கி வச்சுக்கிட்டு, அதுல ஒண்ணுல தலை வச்சாலும் தனக்குத் தானே வித்ததா ஆயிடும்னு துணைக்கூடுதல் சொல்லிட்டதால, வெறும் கட்டில்ல படுத்துக் கூரையைப் பாத்துக்கிட்டிருந்தாரு. கடைசியில, அடுத்த வருஷமும் முடியப் போற ஒரு மதியம், பிடிவாதம் விட்டுப் போச்சு. எழுந்து, சட்டையை மாட்டிக்கிட்டு, நடைபாதைக்குப் போனாரு.

லோடுமேன் இப்ப நேரான கழுத்தோட, சுத்திலும் சாக்குத் தலகாணி அடுக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு.

"தம்பி," தலகாணிக்காரர் குனிஞ்சு கையை நீட்டினாரு. "ஒரே ஒரு தலகாணி குடுப்பா. தூங்கி ஒரு வருஷம் ஆச்சு."

லோடுமேன் அவரை நிமிந்து பாத்தாரு. முகத்தைப் பாக்க முடியாம, பார்வையைக் கொஞ்சம் இறக்கி, கழுத்தைப் பாத்தாரு. பெருமூச்சு விட்டாரு.

"இல்லைங்க முதலாளி. இன்னும் ரெண்டு வித்தா கோட்டைத் தாண்டிடுவேன்."